குமிழியின் தொட்டி

அவருடைய வலது கை தோள்வரை மீன் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தது. சுருட்டிவிட்ட சட்டைக் கை நழுவாமல் இருக்கத் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைப் போட்டிருந்தார். நீண்ட இடுக்கியின் முனையில் ஒரு செடித் தண்டு. அதை மணலுக்குள் சாய்வாகக் குத்தி, இடுக்கியை மெல்லத் திறந்து, செடி கூடவே வந்துவிடாமல் வெளியே எடுக்க வேண்டும். நேராகக் குத்தினால் மிதந்துவிடுமாம். ஒரு சின்ன மீன் அவர் முழங்கையைக் கொத்திக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"டேய், அது கோணலா இருக்குடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கோணலாத்தான் நடணும்க்கா."

"உன் தலைகூட அப்படித்தான் சீவியிருக்கு. அதுவும் யோசிச்சுப் பண்ணினதா?"

அவர் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். தொட்டித் தண்ணீர் லேசாகக் குலுங்கியது.

முதியோர் இல்லத்து ஹாலில் இருந்த அந்த மீன் தொட்டியை அமைத்தவர் அவர்தான். வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வதும் அவர்தான். எல்லாரும் அவரைக் குமிழி என்றே கூப்பிடுவார்கள். பின்னால் வாக்கரைப் பிடித்து நின்றவர் அவருடைய அக்கா. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தே ஓய்வுபெற்றவர் என்பதால் எங்களுக்கு அவர் டிக்கெட்டம்மா. நான் அங்கே காலை நேரப் பராமரிப்பாளர்.

அம்மா போனபோது குமிழிக்கு விவரம் தெரியாத வயது. அப்பா லாரியில் சரக்கேற்றப் போய் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். தம்பியை வளர்க்கிற பொறுப்பு அக்காவிடம் வந்தது. அவனைத் தனியே வீட்டில் விட மனமில்லாமல் கொட்டகைக்கே கூட்டிப்போவார். டிக்கெட் கவுண்டருக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதுதான் அவன் உட்காருமிடம், படிக்குமிடம், சாப்பிடுமிடம். கூட்டம் குறைந்த நேரத்தில் குனிந்து ஒரு வாய் ஊட்டுவார், நிமிர்ந்து டிக்கெட் கிழிப்பார். வயிறு நிறைந்துவிட்டது என்று அவன் சொன்னால் நம்பவே மாட்டார். இன்னும் ஒரு வாய். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. இல்லத்தில் தனக்கு வரும் பிஸ்கட்டையும் எடுத்துவைத்து, ஐம்பது கடந்த தம்பியின் சட்டைப்பையில் திணிப்பார்.

பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் தண்ணீர்ச் செடி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, வெயிலில் வைத்துக் காட்டினார். இலையிலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே போயின. இதுதான் செடி வெளிச்சத்தை வைத்து உணவு செய்வதற்கு அடையாளம், குமிழியில் இருப்பது பிராணவாயு, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் எழுதிவிட்டு மறந்தார்கள். இவர் அந்தச் செடியை ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். கவுண்டர் துவாரத்தின் வழியே வரும் வெளிச்சத்தில் பாட்டிலை வைத்தால் குமிழி வரும், தள்ளி வைத்தால் நிற்கும். வைப்பார், தள்ளுவார், வைப்பார். டிக்கெட் வாங்கக் குனிந்தவர்களெல்லாம் பாட்டிலைப் பார்த்துவிட்டு, என்னடா குமிழி, இன்றைக்கு எப்படிப் போகிறது வியாபாரம் என்று கேட்கத் தொடங்கினார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

பிறகு அதுவே பிழைப்பும் ஆனது. பல் மருத்துவர் வீடு, வங்கி, ஓட்டல் என்று பல இடங்களில் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டார். ஸ்கூட்டரின் பின்னால் சுருட்டிய குழாயும் இரண்டு வாளிகளும் எப்போதும் தொங்கும். அவர் மனைவி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர். ஒருமுறை இல்லத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுக் குளியலறையில ஆறு வாளி செடி சிஸ்டர். நான் குளிக்கணும்னா அதுங்ககிட்ட அனுமதி வாங்கணும்." குரலில் புகார் இருந்தது, முகத்தில் இல்லை.

டிக்கெட்டம்மா படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். தம்பி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யாரும் சொல்லும் முன்பே அவரே இல்லத்துக்கு வருகிறேன் என்றார். வந்த நாளிலிருந்து படுக்கையை விட்டு இறங்க மறுத்தார். எலும்பு கூடிவிட்டது, நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பையனை, "உன் பாட்டியைப் போய் நடக்கச் சொல்லு" என்று விரட்டினார். எனக்கும் அதே மரியாதைதான்.

படுக்கை ஆளைத் தின்றுவிடும். முதலில் காலைத் தின்னும், பிறகு நெஞ்சில் சளியைக் கட்டும், முதுகில் புண்ணைத் திறக்கும். இதைப் பலமுறை பார்த்தவள் நான். இனிப் பேசிப் பயனில்லை என்று தோன்றிய வாரத்தில்தான், மூடப்போகிற ஓட்டல் ஒன்றிலிருந்து குமிழி ஒரு பெரிய தொட்டியை வாங்கிவந்து, மேலாளரிடம் அனுமதி கேட்டு ஹாலில் நிறுவினார். அக்காவின் அறையிலிருந்து நடைவழி முழுக்க நடந்து, திரும்பினால்தான் அது தெரியும். வேண்டுமென்றே அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். கேட்டால் பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது என்பார்.

தம்பி வைத்த தொட்டியைப் பார்க்காமல் இருக்க முடியுமா? முதல் நாள் திட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் திட்டாமல் வந்தார். ஒரு மாதத்தில் தினமும் பிற்பகலில் அவரே எழுந்து வர ஆரம்பித்தார். விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆன பிறகு இலைகளின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி கட்டும். ஒன்று பிரிந்து மேலே போகும், அடுத்தது ஊதும். ஹாலில் இருப்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

"இது என்ன பண்ணுதுன்னு இவ்வளவு கூட்டம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"சமைக்குது ஐயா" என்றார் குமிழி. "தண்ணியும் கரியமில வாயுவும் சேர்த்துச் சமைக்குது. இந்தச் சின்ன சிலிண்டர்லேர்ந்து வாயு போகுது. வெளிச்சம் இல்லாம எதுவும் நடக்காது. செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடுன்னு வச்சுக்குங்களேன்."

கடைசி வாக்கியத்தை அவர் சும்மா சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒருவர் அங்கே இருந்தார்.

வெயில் காலம் தொடங்கியபோது தொட்டி கெட்டுப்போக ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியில் பச்சைப் படலம். பிறகு இலைகளில் முடிபோலப் பாசி. தண்ணீர் கலங்கி, பக்கத்தில் போனால் குளத்து நாற்றம். இலைகளில் குமிழி கட்டுவது நின்றுபோனது.

குமிழி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். விளக்கின் கீழிருக்கும் கண்ணாடி மூடியில் உப்புக்கறை படிந்திருந்தது. வெளிச்சம் குறைந்துபோயிருக்கும் என்று அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். பாசி இரட்டிப்பானது. அடுத்து, பிற்பகல் வெயில் சன்னல் வழியே தொட்டியின் ஒரு பக்கம் விழுவதைக் கண்டுபிடித்தார்.

"சூடு ஒரு அளவு வரைக்கும் செடியை ஓட வைக்கும் சிஸ்டர். அதைத் தாண்டினா படுத்துடும். வாயுவும் சூடான தண்ணியில நிக்காது." திரை கட்டினார், தண்ணீர்மேல் காற்றடிக்க ஒரு சின்ன விசிறி வைத்தார். தண்ணீர் குளிர்ந்தது. பாசி அப்படியே இருந்தது.

பிறகு வாயு போதவில்லையோ என்று சிலிண்டரைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சு முட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், மனிதரானாலும் மீனானாலும். குமிழிக்குப் போன் செய்தேன். எந்தத் திருகை மூட வேண்டும் என்று சொன்னார், மூடினேன். அவர் காற்று மோட்டாருடன் ஓடிவந்தார். எல்லா மீனும் பிழைத்தன. அவர் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"செடி வாங்கிக்கல. அது ஆரோக்கியமா இருந்தா இவ்வளவு வாயுவையும் குடிச்சிருக்கும். எது குறையுதுன்னே புரியல."

மேலாளர் கெட்டவர் அல்ல. ஆனால் அடுத்த வாரம் நிர்வாகக் குழு பார்வையிட வருகிறது. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்றமடிக்கிற தொட்டியை வைத்திருக்க முடியாது.

"அதுக்குள்ள சரியானா இருக்கட்டும். இல்லைன்னா எடுத்துடுங்க. அங்க டிவி வச்சுக்கலாம்."

"டிவியை அவங்க ரூம்லேர்ந்தே கேட்டுப்பாங்க மேடம். எழுந்து வரமாட்டாங்க" என்றேன்.

"யாரு?"

"டிக்கெட்டம்மா."

"ஒருத்தருக்காக ஹாலையே நாற விட முடியுமா சிஸ்டர்?"

அவர் சொன்னது நியாயம்தான்.

சனிக்கிழமை காலை, நான் வேலைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் குமிழியும் வந்தார். இரவுப் பணிப்பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். தொட்டி விளக்கு அணைந்திருந்தது. டைமர் இன்னும் சற்று நேரம் கழித்துத்தான் அதை ஏற்றும். குமிழி குனிந்து உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன?" என்றேன்.

"இந்தத் தண்டுச் செடி ராத்திரி ஆனா உச்சி இலையை மூடிக்கிட்டுத் தூங்கும். வெளிச்சம் வந்து கொஞ்சம் கழிச்சுத்தான் விரிக்கும். இப்ப பாருங்க, நல்லா விரிஞ்சிருக்கு. இது தூங்கவே இல்லையே."

காய்ச்சலா என்று நெற்றியைத் தொடுவதுபோல, பழக்கத்தில் நான் விளக்கின் மேல்தகட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

"இப்பத்தான் அணைச்சிருக்காங்க" என்றேன்.

இருவரும் திரும்பினோம். வாசல்வரை போயிருந்த இரவுப் பணிப்பெண் தானாகவே நின்றாள்.

"நான் இல்ல சிஸ்டர். டிக்கெட்டம்மாதான் போடச் சொன்னாங்க. டைமர்லேர்ந்து ஒயரைப் பிடுங்கிச் சுவத்துல செருகுவேன். காலைல திருப்பி மாட்டிடுவேன். எனக்கும் நடைவழியில வெளிச்சமா இருந்துச்சு. தப்பா?"

அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அறைக்குப் போனோம். டிக்கெட்டம்மா தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ராத்திரியெல்லாம் தொட்டிக்கு லைட் போடச் சொன்னியா?"

"ஆமா." கொஞ்சமும் தயங்கவில்லை. "செடியெல்லாம் வாடிப்போச்சு. நீயோ வாரத்துக்கு ஒருநாள் எட்டிப் பாக்கற. வெளிச்சம்தான் அதுக்குச் சாப்பாடுன்னு நீதானே சொன்ன? இளைச்சுப்போன புள்ளைக்கு ராத்திரி ஒரு வாய் கூடக் கொடுத்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

குமிழி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவழியாகச் சிரித்தார்.

"வெளிச்சம் சாப்பாடு இல்லக்கா. அடுப்பு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். டைமர் அணைச்சதும் வாயுவும் நின்னுடும். நீ விடிய விடிய அடுப்பை மட்டும் எரிய விட்டிருக்க. பானையில போட ஒண்ணுமே இல்ல. எது குறைச்சலோ அதுக்கு மேல செடியால சமைக்க முடியாது."

"சமைக்காட்டிப் போகுது. நாறுவானேன்?"

"எரியற அடுப்பு சும்மா இருக்குன்னா பக்கத்து வீட்டுக்காரன் வருவான்ல? அதான் பாசி. அதுக்குக் கொஞ்சம் கிடைச்சாலே போதும். வந்து பொங்கித் தின்னுட்டு, செடிமேலேயே படுத்துக்கிட்டான். நான் மூடியைத் தேய்ச்சு அடுப்பை இன்னும் தூக்கிவிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவனுக்கு விருந்து வச்சோம்."

டிக்கெட்டம்மா டீயைக் கீழே வைத்தார். முகம் மாறியது.

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா?"

"இன்னும் சாகலக்கா."

"போடா. இனி நான் அந்தப் பக்கமே வரல. நான் தொட்டது எதுதான் உருப்பட்டுச்சு?"

"நான் உருப்படலையா?"

"அதைத்தான் சொல்றேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேலியும் கோபமும் கலந்த பேச்சுதான். ஆனால் அன்று குளிக்கவும் எழவில்லை. சாப்பாட்டைப் படுக்கைக்கே கொண்டுவரச் சொன்னார். வந்த முதல் வாரத்தில் எப்படிப் படுத்திருந்தாரோ, அதே கோலம். இப்படி இரண்டு வாரம் போனால் அந்தக் கால் மறுபடி அவரைத் தாங்காது. நான் குமிழியை நடைவழிக்கு இழுத்துவந்து அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தொட்டியைக் காப்பாற்றுவது இருக்கட்டும், முதலில் இவரை எழுப்ப வழி பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் நேராக ஹாலுக்குப் போனார். தண்ணீரில் பாதியை மாற்றினார். கைக்கு வந்த பாசியை உருவிப் போட்டார். வாயுவை மூடி, காற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டார். பிறகு என்னிடம் பழைய போர்வைகள் கேட்டு, இம்மி வெளிச்சமும் புகாதபடி தொட்டியைச் சுற்றி மூடினார். பட்டினி போட்டால் பாசிதான் முதலில் சாகும், செடி வேரில் சேர்த்துவைத்ததைத் தின்று தாங்கும் என்றார். விளக்கை நிறுத்தி, புதன்கிழமைவரை திறக்கக் கூடாது. குழு வருவது வெள்ளி.

அறைக்குத் திரும்பி வாசலில் நின்றுகொண்டு பேசினார்.

"அக்கா, தொட்டியை மூடியிருக்கேன். ஒரு ஓரம் தூக்கினாலும் அவ்வளவுதான், மறுபடி முதல்லேர்ந்து. இங்க இருக்கறவங்க எல்லாம் எட்டிப் பாக்கற ஆளுங்க. உள்ள ஷோ நடக்குது, டிக்கெட் இல்லாத யாரையும் விடக் கூடாது. ஆள் கிடைக்குமா?"

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. "மீனுக்குத் தீனி?"

"கிடையாது. அது தாங்கும்."

"பட்டினியா போடற, பாவி!"

"ஆமா. போடக் கூடாது. யாராவது போட்டுடுவாங்க, அதையும் பாத்துக்கணும்."

கட்டில் கிறீச்சிட்டது.

"சிஸ்டர், என் செருப்பு எங்க?"

அடுத்த சில நாட்களை இல்லத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். டிக்கெட்டம்மா காலையில் எழுந்து வந்து போர்வை மூடிய தொட்டியின் அருகே நாற்காலியைப் போட்டு உட்காருவார். மதியம் அறைக்குப் போய்ப் படுப்பார், மறுபடி வருவார். முன்பு ஒருமுறை நடந்தவர் இப்போது இரண்டு முறை நடந்தார். "உள்ள என்னம்மா படம்?" என்று கேட்ட பெரியவருக்கு, "உங்க வயசுக்கு ஆகாத படம்" என்று பதில் கிடைத்தது. மீன் தீனி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டார். அதை யாரும் எடுக்காமல் இருக்கத்தான் என்றார். தானே எடுத்துவிடாமல் இருக்க என்பதும் எனக்குத் தெரியும். தீனி நேரம் வந்தால் டப்பாவின்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். பசித்த உயிருக்கு ஒரு வாய் கொடுக்காமல் இருப்பது அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு உடைந்ததைவிடக் கடினம்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் வந்து, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று போர்வையின் நுனியைத் தொட்டார்.

"கையை எடுங்க. ஹவுஸ்ஃபுல்" என்றார் டிக்கெட்டம்மா.

"நான் மேலாளர்ம்மா."

"கொட்டகை முதலாளியையே வெளியில நிறுத்தினவ நான். நாளைக்கு வாங்க, நல்ல சீட்டா தரேன்."

மேலாளர் சிரித்துவிட்டார். போகிற வழியில் என்னருகே நின்று குரலைத் தணித்துக் கேட்டார். "இவங்க காலைலயும் நடந்து வராங்களா?"

"மூணு நாளா. ஒரு போர்வையைப் பாக்க."

அவர் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதன் பிற்பகல் குமிழி வந்து போர்வையை எடுத்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். செடிகள் வெளிறி, பாதி இலைகள் கறுத்துத் தொங்கின. செத்த பாசி அடியில் சாம்பல்போலக் கிடந்தது. மீன்கள் ஒன்றுகூடக் குறையவில்லை, இளைத்து வேகமாக ஓடின. நாற்றம் போயிருந்தது. மேலாளர் கைகட்டி நின்று பார்த்தார்.

"இது எப்ப பழையபடி ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும் மேடம். வெளிச்சத்தைக் குறைச்சலா ஆரம்பிச்சு, வாயுவும் அதுக்குத் தக்கபடி ஏத்தணும். ஒண்ணை மட்டும் அவசரமாத் தூக்கினா மறுபடி இதே கதைதான்."

"வெள்ளிக்கிழமை வரவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். டிவியைச் சாப்பாட்டு அறையில மாட்டச் சொல்றேன்." பிறகு டிக்கெட்டம்மாவைப் பார்த்தார். "ஆனா ராத்திரி லைட் எரியக் கூடாது."

"இனிமே எரிஞ்சா என் கையை வெட்டுங்க" என்றார் டிக்கெட்டம்மா. இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்துத் திறந்து, தம்பியைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் ஒரு சிட்டிகை போட்டார். இன்னொரு சிட்டிகை எடுத்தவர், அவர் பார்வையைப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவுக்குள் உதறினார். இரவுப் பணிப்பெண்ணுக்காக நடைவழியில் ஒரு சின்ன விளக்கு மாட்ட ஏற்பாடு செய்தேன்.

மறுநாள் காலை குமிழி கத்தரிக்கோலும் இடுக்கியும் கொண்டுவந்தார். அழுகிய தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி வெளியே போட்டார். டிக்கெட்டம்மா மடியில் துண்டை விரித்து, பிளாஸ்டிக் தட்டில் அவற்றைப் பிரித்தார். நுனியில் பச்சை இருந்தவை ஒரு பக்கம், கறுத்தவை இன்னொரு பக்கம். ஒரு தண்டில் இருவருக்கும் தகராறு வந்தது. தம்பி செத்தது என்றார், அக்கா இல்லை என்றார். அதைத் திரும்ப நட்டார்கள். கறுத்தவை ஒரு சிறிய வாளி நிறையச் சேர்ந்தன. குப்பைத் தொட்டி சமையலறைக்கு வெளியே, ஹாலையும் தாண்டி முற்றத்தின் ஓரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் டிக்கெட்டம்மா இதுவரை போனதில்லை. வாளியை வாக்கரின் கொக்கியில் மாட்டச் சொன்னார். நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. முற்றத்தின் ஓரம்வரை போய், மூடியைத் தூக்கி, அவர் கையாலேயே கொட்டினார்.